நாலாவது ஊசி

"உங்க துரை என்னைக் கடிச்சிடுச்சு சார்" என்று மாடியில் குடியிருக்கும் இளைஞன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினான். கெண்டைக்காலில் சிவப்பாக இரண்டு புள்ளிகள், லேசாக ரத்தம்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காலைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த துரை என்ற அந்த நாயைப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டார்.

மகள் கால்நடை மருத்துவர். நாள் முழுக்க நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போடுகிறவள். வந்தவள் காயத்தையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். அடுத்த நிமிடமே அவனைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். கால் மணி நேரம் தண்ணீர் ஓட வேண்டுமாம்.

எரிச்சலில் அவனுக்கு உயிர் போனது; ஆனாலும் வாயெல்லாம் பல். குடிவந்து ஒரு வருடமாகியும், தண்ணீர் வருகிறதா என்று கேட்டதைத் தாண்டி அவளிடம் பேச அவனுக்கு வாய்க்கவில்லை. இன்று அவளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"துரைக்குத்தான் வருஷா வருஷம் ஊசி போடறீங்களே, எனக்கு எதுக்குங்க?" என்று இழுத்தான்.

"வெறிநோய் வந்துட்டா அப்புறம் மருந்தே கிடையாது. அதுல விளையாடக் கூடாது. நாலு ஊசி. கிளம்புங்க."

தொப்புளைச் சுற்றிப் போடுவார்களோ என்று நடுங்கினான். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது கையில்தான் என்று சொல்லி, தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஊசியைக் கண்டாலே மயங்குகிற ரகம் அவன். முதல் ஊசிக்கு நர்ஸ் மேசையிலேயே சாய்ந்தான். ஆனாலும் அடுத்த ஊசியன்று, அவள் கிளம்புவதற்கு முன்பே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றான்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சாக்கில் தினமும் சாயங்காலம் கீழே வந்துவிடுவான். துரை சாப்பிட்டதா, தூங்கியதா, எச்சில் ஒழுகுகிறதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் ஆரம்பிப்பான். அவளும் எழுந்து போகவில்லை. வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது இருமுவார்.

நாலாவது ஊசியும் முடிந்தது. துரை குத்துக்கல்லாக இருந்தது. இனி எதைச் சொல்லிக் கீழே இறங்குவது? இன்று கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்கப் போவதில்லை என்று வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றான்.

"சார், உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா?"

மகள் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். துரையைப் பக்கத்தில் இழுத்து, அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்னால் பின்னால் எங்கும் வெறும் ஈறு.

"நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியே ஈறு அழுகிப் போச்சு, பல்லு அத்தனையையும் என் பொண்ணுதான் எடுத்தா" என்றார். "ரெண்டாவது ஊசியோட ஓடிடுவீங்கன்னு நான் சொன்னேன், நாலையும் போட்டுக்குவீங்கன்னு அவ சொன்னா. அவதான் ஜெயிச்சா, உக்காருங்க மாப்பிள்ளை."