புளியமரத்து ஆணி

“விறகுங்கிறது அக்கினிக்குக் குடுக்கிற படையலுங்க. அதுல கலப்படம் பண்றவன் ஏழு ஜென்மத்துக்கும் விளங்க மாட்டான்” என்றார் ராசாங்கம், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் முதுகுக்குப் பின்னால், விடியற்காலையில் குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் விறகு அடுக்கின் அடியிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஈரம் இருந்தால்தான் விறகு எடை நிற்கும்.

சமையல்காரர் வேணுகோபால் கல்யாணப் பிரியாணிக்குப் புளிய விறகு வாங்க வந்திருந்தார். முன் அடுக்கைத் திரும்பியும் பார்க்காமல் நேராகப் பின்னால் போய், காய்ந்த கட்டைகளாகப் பொறுக்கி வைத்தார்.

உடையார்பாளையம் சாலையில் கடை போட்ட நாளாக ராசாங்கத்துக்கு வாய்த்ததெல்லாம் இப்படிப்பட்டவர்கள்தான். முறுக்கு சுடுகிற பஞ்சவர்ணம் முந்திரி விறகுதான் கேட்பாள். அதற்குள் செருகிய தைலமரத்தை மட்டும் சரியாக உருவிப் போட்டுவிடுவாள். சுடுகாட்டுக்கு மா விறகு வாங்க வருகிறவர்கள்கூட வேலிக்கருவையை ஒதுக்கிவிட்டுத்தான் அழுவார்கள். இந்த மண்ணின் ராசி அப்படி என்று அவர் தேற்றிக்கொள்வார்.

“முன்னாடி இருக்கிறதும் புளிதாங்க” என்றார்.

“புளிதான். உள்ளுக்குள்ள தைலமரத்தச் செருகியிருக்கே. காலையில ஊத்துன தண்ணி வேற” என்றார் வேணுகோபால், வெகு சாதாரணமாக.

இதே வார்த்தைகளை ராசாங்கம் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி வெற்றிச்செல்விக்குப் பேய் பிடித்தது. உச்சிவெயிலில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் முன்னால் கடை நடுவில் நின்று, “டேய் ராசாங்கம், தைலமரத்தச் செருகிட்டுப் புளின்னு விக்கிறியே, காலையில ஊத்துன தண்ணியச் சொன்னியாடா?” என்று கேட்டது. புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதால், அது பேய்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை.

பூசாரி அவள் தலைமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, முனியப்பன் கோயில் புளியமரத்தில் சூலக்குறி வெட்டி, அதன் கீழே அறைந்தார். அன்றோடு அவள் வாயடங்கிப் போனாள். அடக்கமான பெண்டாட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அதன்பின் ராசாங்கம் டீக்கடையில் பிரசங்கமே செய்துவந்தார்.

சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த மரத்தைப் போன வாரம் வெட்டிவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டவரும் அவரேதான்.

வேணுகோபால் போனதும் கடையை அடைத்தார். ஆணி கழன்றிருந்தால் பேய் வெளியே வந்திருக்கும். மறுபடியும் அது கடை நடுவில் வந்து நின்றால் பிழைப்பு போயிற்று. கட்டை கட்டையாகப் புரட்டினார். பொழுது சாயும்போது சூலக்குறி போட்ட கட்டை அகப்பட்டது. துருப்பிடித்த ஆணிகளில் யார் யாருடைய முடியோ காற்றில்லாமலே அசைந்தது. சூலத்துக்குக் கீழே மட்டும் ஆணி இல்லை. ஓட்டைதான் இருந்தது. அதுவும் பட்டை வளர்ந்து, எப்போதோ பாதி வாய் மூடிவிட்ட ஓட்டை.

கடையை ஒட்டினாற்போல்தான் வீடு. வெற்றிச்செல்வி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“செல்வி… அந்தப் புளியமரத்து ஆணி?”

“அன்னைக்கே, பூசாரி அந்தாண்ட போனதும் பிடுங்கியாந்துட்டேங்க” என்றாள், திரும்பாமல்.

“அப்ப… அது?”

“அதுபாட்டுக்கு இருக்குது. கடைக்கு வாரவங்க மொதல்ல நம்ம வூட்டுலதானே தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க. அவங்ககிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருக்குது. உங்க காதுலதான் விழல.”

“ஆணிய என்ன பண்ணுன?”

“செவுத்துலதான் அடிச்சு வச்சிருக்கேன். தெனமும் சட்டையக் கழட்டி எதுல மாட்டுறீங்க?”

அன்றிரவு ராசாங்கம் சட்டையோடு படுத்துக்கொண்டார்.