ஓலைக்கு முன் ஒரு படம்

"வாயை நல்லாத் திறம்மா. அப்படியே இரு, அசையாத" என்றார் டாக்டர். புஷ்பமேரி கன்னத்தை எக்ஸ்ரே தகட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இருபது வயதுப் பெண்ணுக்குத் தாடை மூட்டு தேய்ந்துவிட்டதாம்.

வெளியே பெஞ்சில் அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்க வேண்டும். படத்தில் ஏதாவது தெரிந்தால் ஓலையும் இல்லை, கல்யாணமும் இல்லை.

நோயைக் கண்டுபிடித்தவள் மாப்பிள்ளையின் அம்மா சவேரியம்மாள். பெண் பார்க்க வந்த அன்று புஷ்பமேரியோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றபோது 'டொக் டொக்' என்று கேட்டதாம். கூட இருந்த வேறு யார் காதிலும் அது விழவில்லை.

"காதுவலின்னு பஞ்சு வச்சிருந்தேன். அதையும் மீறிக் கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க!" என்று இப்போதும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையடித்தாள் சவேரியம்மாள். வாயில் கொட்டைப்பாக்கு அரைபட்டுக்கொண்டிருந்தது. "தாடை நோவு தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும், சம்பந்தி. அதக் கொண்டாந்து எங்க வம்சத்துல விட முடியுமா?"

இஞ்ஞாசியம்மாள் ஜெபமாலையை இன்னும் வேகமாக உருட்டினாள். பெண்ணைப் பெற்ற பாவத்துக்கு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

செத்த நேரத்தில் இருவரையும் உள்ளே அழைத்த டாக்டர், ஈரம் காயாத படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது வாய மூடி எடுத்தது, இது திறந்து எடுத்தது. ரெண்டுலயும் மூட்டு அதது இடத்துல அழகா இருக்கு. பொண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"அதெப்படி? இந்தா, இப்பக்கூட டொக்குங்குதே!" என்று துள்ளினாள் சவேரியம்மாள்.

புஷ்பமேரியோ வாயை இறுக மூடி, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு சவேரியம்மாளின் காதுக்கு முன்னால் விரலை வைத்தார்.

"வாயில இருக்குற பாக்க மெல்லுங்க."

மென்றாள்.

"இங்கதான வலிக்குது?"

"ஆத்தாடி... ஆமா. அது காதுவலி."

"காதுவலி இல்ல, தாடை மூட்டு. அந்தச் சத்தம் அவங்கவங்க காதுக்குத்தான் பெரிசாக் கேக்கும். உக்காருங்க, உங்களுக்குத்தான் படம் எடுக்கணும்."

சவேரியம்மாளின் வாயில் பாக்கு அப்படியே நின்றது.

இஞ்ஞாசியம்மாள் ஜெபமாலையை உதட்டில் ஒற்றி முத்தி செய்து மடியில் செருகிக்கொண்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளையவும் வரச் சொல்லுங்க, சம்பந்தி, ஓலைக்கு முந்தி அவருக்கும் ஒரு படம் எடுத்துருவோம்."