அங்கே மூன்று பேர்

கோடையில் ஓர் அறையில் மூன்று பேர் படுத்தால்தான் ஏசிக்குப் பாதிக் கட்டணம். சுவரிலிருக்கும் மீட்டர், மூச்சை வைத்து ஆட்களை எண்ணிக்கொள்ளும்.

மனைவி தமயந்தியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு வாழும் சற்குணம், சித்திரை பிறந்ததும் வேலூர் வீட்டுக்குத் திரும்பி வருவது அதற்காகத்தான். அங்கே, அந்த வேறொருத்தியின் வீட்டில், அவர்கள் இரண்டே பேர். கோடைக்கு அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இவன் இங்கே வந்துவிடுவான். அவனுக்கும் தமயந்திக்கும் நடுவில் மகள் யாழினி படுத்துக்கொள்வாள். தமயந்தி அவனோடு பேசமாட்டாள். ஆனாலும் அவனுக்குப் பிடித்த மோர்க்குழம்பை அந்த மாதங்களில் அடிக்கடி வைப்பாள்.

இந்த வருஷம் முதல் மழை பிற்பகலில் பிடித்துக்கொண்டது. தெருவே சன்னல்களைத் திறந்துவைத்துக் கூச்சலிட்டது. சற்குணம் பையில் துணிகளை அடுக்கினான்.

"அடுத்த வருஷம் சீக்கிரமே வந்துடுப்பா. மாசியிலயே வெயிலு கொளுத்துது," என்றாள் யாழினி.

அவன் தமயந்தியைப் பார்த்துச் சொன்னான்: "அடுத்த வருஷம் வரமாட்டேன். அங்கயே மூணு பேராயிடுவோம்."

தமயந்திக்குப் புரிந்துவிட்டது.

"எந்த மாசம்?" அந்தக் கோடையில் அவள் அவனிடம் பேசியது அது ஒன்றுதான்.

"ஐப்பசி."

அவன் போனதும் யாழினி சன்னலைத் திறக்க ஓடினாள். "மூடுடி," என்று அதட்டிய தமயந்தி, முழுக் கட்டணத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு அதன் கீழே போய் உட்கார்ந்தாள்.

"மழ பெய்யுதேம்மா, இப்ப எதுக்கு?"

"எனக்கு வேகுதுடி," என்றாள் தமயந்தி.