கலசப்பாக்கத்து மிஸ்

"இன்னா சொல்லிச்சு அந்தம்மா உன்கிட்ட?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார் கோச் ஜெயக்குமார். பட்டு ஜவுளிக்கடை பேர் போட்ட டீ-ஷர்ட் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

இனியாவுக்கு மூச்சு வாங்கியது. மாவட்ட அளவிலான உயரம் தாண்டுதல். சொந்த ஊர் மைதானம். சுற்றிலும் ஆரணி ஜனம். இந்த உயரத்தில் இரண்டு தடவை கம்பியைத் தட்டிவிட்டாள். பாக்கி ஒரே ஒரு வாய்ப்பு.

"ஓட ஆரம்பிக்கிற மார்க்கை ஒரு அடி பின்னால தள்ளி வெக்கச் சொன்னாங்க சார். கம்பிக்கு ரொம்பக் கிட்ட போயி எகிர்றனாம். அதான் மேல போறப்பவே தோள்பட்ட தட்டுதாம்."

"அத்த நீ கேட்டுகினு நின்னியா? அது யாரு தெரியுமில்ல? கலைமகளோட மிஸ்ஸு."

தெரியும். கலசப்பாக்கம் கலைமகள் இதே உயரத்தில் மூன்று தடவையும் தவறிவிட்டாள். ஆனாலும் முந்தின உயரங்களை எல்லாம் முதல் முயற்சியிலேயே சுத்தமாகத் தாண்டியவள். இனியா அப்படியில்லை, முந்தின உயரத்திலேயே ஒரு தடவை தட்டியிருந்தாள். இப்போதும் தட்டினால் முதலிடம் கலைமகளுக்கு. மாநிலப் போட்டிக்குப் போவதும் அவள்தான்.

"நீ தட்டுனா அவங்களுக்கு மெடல். உனக்கு எதுக்கு நல்லது சொல்லப் போறாங்க? உன்னைக் கவுக்கப் பாக்குது. மார்க்கைத் தொடாத. வேகமா ஓடியாந்து எகிறு, அவ்ளோதான்."

நடுவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஓடத் தொடங்கும் இடத்துக்குப் போய்த் தரையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள் இனியா. சார் கேட்பது நியாயம்தான். எதிராளிக்கு யார் வழி சொல்லிக் கொடுப்பார்கள்?

ஆனால் தோள்பட்டை இன்னும் எரிந்தது. இரண்டு தடவையும் அடி விழுந்தது ஒரே இடத்தில்.

சட்டென்று குனிந்தாள். டேப்பை உரித்து ஒரு அடி பின்னால் ஒட்டினாள்.

"ஏய், இனியா..."

கோச்சின் குரல்தான். அவள் திரும்பவில்லை.

ஓடினாள். வளைந்து திரும்பி, காலை ஊன்றி எகிறினாள். தோளை எதுவும் உரசவில்லை. முதுகுக்கு அடியில் வெறும் காற்று. மெத்தையில் விழுந்தவள் பயந்து பயந்து கண்ணைத் திறந்தாள். கம்பி அசையாமல் இருந்தது.

வெள்ளைக் கொடி உயர்ந்தது. விசில் சத்தம் காதைப் பிளந்தது.

கோச்சைச் சுற்றி அதற்குள் நாலைந்து செல்போன்கள். "வேகம்தாங்க முக்கியம். கடைசி நேரத்துல நான் சொன்னதும் அதான்" என்று அவர் பேசிக்கொண்டிருந்தார்.

இனியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலசப்பாக்கத்து மிஸ் ஸ்வர்ணலதாவைத் தேடிப் போனாள். காலில் விழப்போனவளை அவர் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு ஜெயிக்க வேண்டியது மிஸ். எனக்கு ஏன் சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாம் உங்க சாரோட மனசைப் பாத்துதாம்மா. நான் குண்டு எறியற பசங்களோட அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். கலைமகள் தனியா நிக்கறதைப் பாத்துட்டு, அவரே கூப்ட்டு டிப்ஸ் குடுத்தாராம். திரும்பி வந்ததும் இவ சொன்னா. போட்டிக்கு நிக்கிற பொண்ணுன்னுகூடப் பாக்கலையே அவரு. அவரு பொண்ணு தடுமாறுறப்போ நான் வேடிக்கை பாத்தா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கலைமகள் நிமிர்ந்து சிரித்தாள்.

"ஆமாங்க்கா, நல்ல சாரு. மார்க்கை ஒரு அடி முன்னால வெச்சுக்கோ, இன்னும் ஈஸியா தாண்டலாம்னாரு. எனக்குத்தான் அதுக்கப்பறம் ஒரு தடவகூட வரல."