நாலே கால் மணி நேரம்

"சென்னையிலேர்ந்து சிங்கப்பூர் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். ஃப்ளைட்ல நாலே கால் மணி நேரம். தறியில உட்கார்ந்து நான் அரை முழம் நெய்யறதுக்குள்ள பொண்ணு போய்ச் சேர்ந்துடுவா!"

பஞ்சாட்சரம் செல்போனைத் தூக்கிக் காட்டினார். குரலில் துளி சந்தேகம் இல்லை.

கூரத்திலிருந்து கல்யாணத் தரகர் அப்பாதுரை காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு ஜாதகம். ஒரு பையன் சிங்கப்பூரில் வேலை. இன்னொருவன் ஐயம்பேட்டை, சொந்த வீடு, நாலு தறி. இரண்டுமே பொருந்தியிருந்தன. மகள் அகிலா இரண்டு பேரிடமும் போனில் பேசியாயிற்று. இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"ஐயம்பேட்டைன்னா ஷேர் ஆட்டோவுல இருபது நிமிஷம்," என்றாள் அவர் மனைவி இந்திராணி. "பொண்ணுக்குக் காய்ச்சல்னா ரசம் வச்சு எடுத்துக்கினு ஓடிடுவேன். நாலே காலாம்! இங்கேர்ந்து ஏர்போர்ட்டுக்கே ரெண்டு மணி நேரம். அங்க மூணு மணி நேரம் முன்னாடி போய்க் காத்துக்கினு கிடக்கணும். எறங்கினா அங்க ஒரு க்யூ. இதெல்லாம் உங்க போன் சொல்லலியா?"

"எல்லாத்தையும் கூட்டிக்கோ. காலையில இங்க இட்லி, ராத்திரி சாப்பாடு பொண்ணு வீட்டுல."

"பாஸ்போர்ட் எங்க இருக்குது நம்மகிட்ட?"

"நாளைக்கே உனக்கு எடுத்துடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை போய் ஒரு மாசம் இருந்துட்டு வா."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? தறியை யார் பார்த்துப்பா?"

அப்பாதுரை சிரித்தார். "டாலர் சம்பளம்னா கடலே வாய்க்கால் மாதிரி தெரியுது அண்ணனுக்கு!"

பஞ்சாட்சரம் அதைக் காதில் வாங்கவில்லை. "நீ சொல்லும்மா அகிலா. யாரைப் பிடிச்சிருக்குது?"

"சிங்கப்பூர்க்காரர் நல்லா பேசறாருப்பா. பிடிச்சிருக்குது. ஆனா ஒரு அவசரம்னா..."

"நாலே கால் மணி நேரம்மா."

அகிலா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

இந்திராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஞ்சாட்சரம் தரகரை வழியனுப்பத் தெருவுக்கு வந்தார். அப்பாதுரைக்கு மனசு ஆறவில்லை. வண்டியை எடுத்தவர் நிறுத்தினார்.

"தப்பா நினைச்சுக்காதண்ணே. கமிஷன் எனக்கு எந்தப் பக்கம்னாலும் வரும். ஆனா ஐயம்பேட்டைப் பையன் தங்கம்ணே. காசு வருதுன்னதும் பெத்த பொண்ணையே இம்மாம் தூரம் தள்ளி விடறியே, உனக்கு நெஞ்சு வலிக்கலியா?"

பஞ்சாட்சரம் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூத்தவளைப் பக்கத்துலதான், ஓரிக்கையில குடுத்தேன் அப்பாதுரை. சாயங்காலம் ஒரு குவார்ட்டர் உள்ள போச்சுன்னா என் காலு தானா அவ வாசலுக்குப் போயிடுது. சம்பந்தி, மாப்பிள்ளைன்னு பார்க்காம தெருவுல நின்னு கத்தறேன். காலையில எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல. ரெண்டு வருஷமா அவ என்கிட்ட பேசறதில்ல."

அப்பாதுரை வண்டியிலிருந்து இறங்கினார்.

"எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன், குடியை விட முடியலை. சின்னவளாவது, போதையில நான் போய் நிக்க முடியாத தூரத்துல இருக்கட்டும்பா."