ஒருமுறையும் ஓடாத வரிகள்

மென்பொருள் அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் காலை வெயில் விழுகிறது. சோதனைகள் நிரலில் தொண்ணூற்றாறு சதவீத வரிகளைத் தொட்டுவிட்டதாகப் பச்சை எழுத்தில் பீற்றிக்கொள்ளும் தாள். யாரோ அதற்கு மீசைகூட வரைந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இருந்ததெல்லாம் பைத்தான் மொழியில் எழுதிய கோப்புகள்தான். சர்வர் வேலைகளுக்கான சின்ன நிரல்களான ஷெல் ஸ்கிரிப்டுகளை யாரும் சேர்க்கவே இல்லை. இன்று சோதனைக்காரி அவற்றையும் சேர்த்து அளந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பதிவுகளை பேக்கப்பிலிருந்து மீட்கும் ஸ்கிரிப்ட், அவள் திரையில் எந்தச் சோதனையும் தொடாத வரிகளுக்கான சிவப்பில் மேலிருந்து கீழ்வரை நிற்கிறது. “ஒரு வரியக்கூட நாம ஓட்டிப் பார்த்ததில்லையா சார்?” குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். “ஆஸ்பத்திரி சர்வர் விடியக்காலைல படுத்துடுச்சும்மா,” என்கிறார். “இப்ப அந்த ஸ்கிரிப்டைத்தான் ஓட விட்டிருக்கேன்.”