யோகராஜா வாங்கி வைத்திருந்த பீர்

மதியம் தாண்டியதுமே ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைப் பனிமூட்டம் மூடிவிட்டது. கதவு திறந்திருந்தும் உள்ளே வெளிச்சம் போதவில்லை. அமெரிக்காவுக்குப் போய்வரும் கப்பலின் சமையலறையில் மயங்கி விழுந்து செத்துப்போன யோகராஜாவை நேற்றுத்தான் புதைத்திருக்கிறார்கள். அவனோடு வேலை பார்த்த சுபாஸ் கொண்டுவந்த பை நடுவீட்டில் கிடக்கிறது. அதற்குள் சட்டையில் சுற்றியிருந்த பீர் போத்தலை அப்பா சின்னக்கருப்பன் மடியில் வைத்திருக்கிறார்.

“ஒங்களுக்குன்னுதான் வாங்கி வச்சிருந்தான் மாமா. அமெரிக்கா பீரு. நம்ம பீர் மாதிரி இல்ல, காட்டம் கூட, கசப்பும் கூட. அவனுக்கு இதுதான் புடிக்கும்,” என்கிறான் சுபாஸ்.

மூடி சீறிக்கொண்டு திறக்கிறது. சாயத் தேத்தண்ணி நிறத்தில் பீர் கிளாசில் இறங்க, நுரை அடங்காமல் நிற்கிறது. பைன் மரப் பிசினும் ஆரஞ்சு நிறத் தோடம்பழத் தோலும் கலந்தாற்போன்ற வாசம் ஊதுபத்திப் புகையையும் மீறி எழுகிறது. சின்னக்கருப்பன் ஒரு மிடறு விழுங்குகிறார். முதலில் கருகிய சீனிப்பாகு போல ஓர் இனிப்பு. அதை அமுக்கிக்கொண்டு வரும் கசப்பு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. சூடு நெஞ்சுவரை இறங்குகிறது.

“எப்புடிங்க இருக்கு?” என்கிறாள் அம்மா அஞ்சலை. அவர் அவளிடம் நீட்டுகிறார். அவள் கிளாசை வாங்கிக் குடிக்கிறாள். முகம் கோணுகிறது.

“போன்ல கேக்குறப்பல்லாம் எல்லாம் நல்லா இருக்கும்மான்னுதானே சொன்னான். இதையா புடிச்சிக் குடிச்சான் எம் புள்ள?”

சுபாஸ் தலையைக் குனிந்துகொள்கிறான். மிச்சத்தையும் அஞ்சலை ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை.